நாலு மணிக்கு எழுப்பிய பேர்

"பத்து வருஷமா உன்னாலதான் என் தூக்கமே போச்சு!" உடை மாற்றும் அறையின் அலமாரியை ஓங்கி அறைந்தாள் டென்னிஸ் சாம்பியன். "நீ மட்டும் இல்லேன்னா இன்னும் பத்து கோப்பை ஜெயிச்சிருப்பேன்!"

அன்றோடு ஓய்வு பெறும் அவளுடைய பரம எதிரி திகைத்தாள். "உன் தூக்கத்தை நான் என்னடி பண்ணினேன்?"

"தினமும் நாலு மணிக்கே பயிற்சிக்கு வந்துடுவியாமே!"

"நானா? ஏழு மணிக்கு முன்னாடி எழுந்ததே இல்லடி."

சாம்பியன் வெளியே பாய்ந்தாள். அவளுக்குக் கோச்சும் ஆன அப்பா மட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இத்தனை வருஷமும் பொய் சொல்லியா எழுப்பினீங்க?"

"அவ பேரைச் சொல்லலேன்னா எழுந்திருப்பியா? ஒரு கோப்பையாவது ஜெயிச்சிருப்பியா?"

"இனிமே யாரு பேரைச் சொல்லுவீங்க?" என்று கத்தினாள்.

"உன் பேருதான்மா. காலையிலயே வீட்டுக்கு போன் போட்டு, அதைச் சொல்லித்தான் உன் தங்கச்சியைப் பயிற்சிக்கு எழுப்பினேன்."