ஏழாம் பக்கத்தில் ஒருவர்

கம்பெனிகளுக்கு ஆன்லைன் பயிற்சி தயாரித்துக் கொடுப்பது அவள் வேலை. கடைசியாகச் செய்தது தீ விபத்துப் பயிற்சி. கொடுத்துப் பதினோரு நாள் ஆகிவிட்டது. அந்தக் கம்பெனியில் நாற்பத்தொரு பேர். பயிற்சிக்குள் நுழைந்தவர்களைக் கணக்கிடும் அறிக்கையோ எத்தனை முறை திறந்தாலும் நாற்பத்திரண்டு என்றது.

"எங்ககிட்ட நாப்பத்தொரு பேர்தாங்க. எல்லாரும் முடிச்சாச்சு," என்றார் அந்தக் கம்பெனி மேலாளர் போனில்.

பெயரோ மின்னஞ்சலோ இல்லாத அந்த நாற்பத்திரண்டாவது ஆள் ஏழாம் பக்கத்திலேயே நின்றிருந்தார். அந்தப் பக்கத்துப் படத்தில் புகை மண்டிய தாழ்வாரம், கோடியில் ஒரு கதவு. கதவை அழுத்தினால் அடுத்த பக்கம் வரவேண்டும். முதல் நாள் கதவுக்கு இணைப்புக் கொடுக்க அவள் மறந்துபோனாள். அரை மணி நேரத்தில் சரிசெய்தும் விட்டாள்.

"பழசுல நுழைஞ்சவங்க பழசுலயேதான் இருப்பாங்கக்கா. வெளிய வந்து மறுபடி போனாத்தான் புதுசு வரும்," என்றான் பக்கத்து இருக்கைக்காரன். "பேசாம அந்தப் பதிவை அழிச்சிடுங்களேன்."

"உள்ள ஆள் இருக்காங்கடா."

அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த ஆள் எங்கெங்கே அழுத்தினார் என்று காட்டும் படத்தைத் திறந்தாள். ஒவ்வோர் அழுத்தலும் ஒரு சிவப்புப் புள்ளி. முதல் நாள் புள்ளிகள் கதவின் கைப்பிடிமேல் மொய்த்திருந்தன. அடுத்தடுத்த நாள்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியிருந்தன. இன்றையவை தரையை ஒட்டிக் கிடந்தன.

மூன்றாம் பக்கத்தில் அவள்தான் தன் குரலில் சொல்லியிருந்தாள்: "புகை சூழ்ந்தால் நிற்காதீர்கள். தரையோடு தவழுங்கள். உதவி வரும்."

பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கதவின் அடியிடுக்கில் இன்னொரு புள்ளி விழுந்தது.