மைமூன் அக்காவின் அரை மணி நேரம்

"அம்மா, தட்டுல பச்சை விளக்கு எரிஞ்சாத்தான் நமக்குப் பசிக்கணுமா?" என்று என் மகள் இனியாள் கேட்டாள். போன வருட மழைக்குப் பிறகு மூன்று நாளாக, உணவில் நஞ்சிருக்கிறதா என்று காட்டும் சோதனைத் தட்டில் எதை வைத்தாலும் சிவப்புதான். பிள்ளைக்கு அழக்கூடத் தெம்பில்லை.

பக்கத்து வீட்டு மைமூன் அக்கா கஞ்சியோடு வந்தார். தட்டில் வைக்காமல் தானே ஒரு கரண்டி குடித்தார்.

"அரை மணி நேரம் என் மூஞ்சியையே பாரு. சாயலைன்னா புள்ளைக்குக் குடு. சாஞ்சா கஞ்சியைக் கொட்டு, என்னைக் கொட்டிராதடி."

அவர் சாயவில்லை.

இந்த வருட மழையிலும் எல்லாம் சிவப்பு. அக்கா காய்ச்சலில் தனியே உறங்கிக் கிடந்தார். கஞ்சி காய்ச்சிப் போய், முதல் கரண்டியை நான் குடித்தேன். ஆண்டவனை நினைத்தபடி அரை மணி நேரம் அவர் காலடியில் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு ஆறிய கஞ்சியைச் சூடாக்கி, அவரை எழுப்பினேன்.