மாப்பிள்ளைகள் தைத்த கதவுகள்

சின்ன மாப்பிள்ளையின் வலது கையில் மூன்று விரல்களுக்குப் பிளாஸ்திரி. கார் கதவின் உட்புறத்தில் பொருத்துகிற, தோல் போர்த்திய டோர் பேடை மார்போடு அணைத்துக்கொண்டு மாமனாரின் கார் ஷெட்டுக்குள் நுழைந்தார்.

"ஊசி குத்திடுச்சா மாப்பிள்ளை?" என்றார் மாமனார்.

"தோல் தைக்கிறதுன்னா சும்மாவா மாமா? பழகிடுச்சு."

ஷெட்டில் நின்ற சிவப்பு ஸ்போர்ட்ஸ் காருக்கு ஐம்பது வயசு. இரண்டே கதவு, இரண்டே சீட்டு. வெளியே பளபளப்புக்குக் குறைவில்லை. உள்ளே கதவுகளின் தோல் உறையை எலி தின்றிருந்தது, சீட்டுகளில் பஞ்சு எட்டிப் பார்த்தது.

போன மாதம் மூன்று பெண்களையும் இரண்டு மாப்பிள்ளைகளையும் உட்காரவைத்து மாமனார் அறிவித்தார். "ஆளுக்கு ஒரு கதவு. டோர் பேடைத் தன் கையால யார் நல்லா தச்சுக் கொண்டுவர்றாரோ, வண்டி அவருக்கு. ஆணி அடிக்கத் தெரியாதவங்களுக்கு இது எதுக்கு?"

கடைசி வாக்கியத்தைச் சின்ன மாப்பிள்ளையைப் பார்த்துச் சொன்னார். அது சுருக்கென்று தைத்தது. அந்த வண்டியைச் சகலை வீட்டு வாசலில் நிறுத்தி ஒரே ஒரு தடவை ஹாரன் அடித்துவிட்டால் பிறந்த பலனை அடைந்துவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது.

ஆனால் சட்டைப் பொத்தான் அறுந்தாலே மனைவியைக் கூப்பிடுகிற ஆள் அவர். நேராகக் குஷன் கடைக்குப் போனார். பழைய வண்டிகளுக்குத் தைக்க ஊரிலேயே அந்த ஒரு கடைதான்.

"அளவெடுக்க வண்டியைக் கொண்டுவர முடியாதே. மாமனார் ஷெட்டுல இருக்கு" என்று இழுத்தார்.

"அளவெல்லாம் வேணாம் சார். கச்சிதமா உக்காரும், நான் பொறுப்பு."

தொழில்காரர் என்றால் இவரல்லவா தொழில்காரர் என்று சின்ன மாப்பிள்ளை பூரித்துப்போனார். கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் எடுத்து வைத்தார்.

பிளைவுட்டை வெட்டி, ஸ்பாஞ்சு ஒட்டி, பழுப்புத் தோல் போர்த்தி, கட்டம் கட்டமாகச் சாய்தையல் ஓட்டி, ஓரத்தில் வெள்ளைப் பைப்பிங் கொடுத்த டோர் பேட் பத்தே நாளில் வந்தது. பிளாஸ்திரி ஒட்டியது மட்டும் அவருடைய சொந்தக் கைவேலை.

இதோ, சகலையும் ஷெட்டுக்குள் வந்துவிட்டார். அவருக்கு முழங்கை வரை கட்டு. சின்ன மாப்பிள்ளைக்கு வயிறு எரிந்தது. மூன்று விரலோடு நிறுத்தியிருக்கக் கூடாது.

மாமனார் இரண்டையும் வாங்கிக் கதவுகளில் பொருத்தினார். இரண்டும் அச்சாக உட்கார்ந்தன. அதே பழுப்பு, அதே கட்டம், அதே வெள்ளைப் பைப்பிங். ஒரு தையல்கூட முன்னே பின்னே இல்லை.

சகலைகள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு தரையைப் பார்த்தார்கள். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்?

"ஒரே வாத்தியார்கிட்ட படிச்ச மாதிரி தச்சிருக்கீங்களே" என்று மாமனார் இருவர் முதுகிலும் தட்டினார். "ஒருத்தருக்குக் கொடுத்தா இன்னொருத்தர் மனசு நோகும். வண்டி இப்போதைக்கு என்கிட்டயே இருக்கட்டும்."

சாவி சட்டைப்பைக்குள் போய்விட்டது.

சின்ன மாப்பிள்ளை பிளாஸ்திரிகளைப் பிய்த்து எறிந்துவிட்டுக் குஷன் கடைக்குப் பறந்தார்.

"எங்க சகலைக்கும் நீங்கதான் தச்சீங்களா?"

"ஆமா சார். ஒரே தோல்லதான் ரெண்டையும் வெட்டினேன்."

"முன்னாடியே ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன? வேற கலர் கேட்டு வாங்கியிருப்பேனே. வண்டி என் கைக்கு வந்திருக்கும்."

கடைக்காரர் தையல் மெஷினை நிறுத்தினார். "கலரை நான் எப்படி சார் மாத்துறது? ரெண்டு கதவுக்கும் அளவு கொடுத்து ஆர்டர் பண்ணதே உங்க மாமனார்தானே. கூலியை மாப்பிள்ளைங்க வந்து கொடுப்பாங்கன்னு சொன்னார்."

கடைக்காரர் அனுதாபத்தோடு தொடர்ந்தார்.

"சீட்டுக்கும் அளவு கொடுத்துட்டார் சார். கடைசிப் பொண்ணுக்கு வரன் அமையட்டும்னு நிறுத்தி வெச்சிருக்கேன்."