நாற்பதாவது ஸ்க்ரூ

"உங்ககூடப் படிச்சவங்க எல்லாம் இப்ப எங்க இருக்காங்க?"

நேர்முகத் தேர்வில் நான் கேட்ட முதல் கேள்வியே இதுதான். ஆள் அசரவில்லை. ஒருத்தர் கார் கம்பெனியில் டைரக்டராம், இன்னொருத்தர் ஏ.சி. விற்றே மூன்று வீடு கட்டிவிட்டாராம்.

"நீங்க?"

"பத்து வருஷமா அதே பதவிதான் சார்."

மெக்கானிக்கலில் முதல் ரேங்க். அதிர்வுகளைப் பற்றி ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம். ராக்கெட் இஞ்சின் செய்யும் எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ந்தபோது, வானத்தையே வில்லாக வளைப்பார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். மனுஷன் கடைசியில் ஒரு ஸ்க்ரூவில் சிக்கிக்கொண்டார். சோதனைப் பிரிவுத் தலைவர் பதவிக்கு இது மூன்றாவது முயற்சி. வயது வரம்புப்படி இதுதான் கடைசியும்கூட.

தேர்வுக்கு வெளியிலிருந்து வந்திருந்த பேராசிரியைக்கு அந்தக் கதை தெரியாது. நானே சொன்னேன், கொஞ்சம் ரசித்தே.

ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள். மறுநாள் இஞ்சின் சோதனை. அதைப் பார்க்கப் பெரிய மனிதர்கள் வந்திருந்தார்கள். இஞ்சின் பூட்டும் அறைக்கு அவர்களை நான்தான் கூட்டிப் போனேன். வாசலிலேயே இவர் மறித்து, ஷூவுக்கு மேல் உறை மாட்டச் சொன்னார். கூடத்தின் தலைவனுக்கே சட்டம் சொல்கிறார் பாருங்கள். விருந்தாளிகள் பாவம், மாட்டிக்கொண்டார்கள். நான் காதில் வாங்காமல் உள்ளே போய்விட்டேன்.

அரை மணி நேரம் கழித்து என் முன்னால் வந்து நின்றார்.

"தட்டுல நாற்பது ஸ்க்ரூ எண்ணி வெச்சேன் சார். ஒண்ணக் காணோம்."

சுண்டுவிரல் நகம்கூட இருக்காது அது. ஸ்டோரில் இன்னொன்று வாங்கிப் பூட்டியிருந்தால் ஈ காக்காய்க்குத் தெரிந்திருக்காது. இவர்தான் சத்தியசந்தராயிற்றே. இஞ்சினுக்குள் விழுந்திருந்தால் ஓடும்போது வெடித்துவிடும் என்று கைப்பட எழுதியே கொடுத்துவிட்டார். சோதனை நின்றது. பெரிய மனிதர்கள் முகத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். இஞ்சினை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பதினோரு நாள் தேடினார்கள். ஸ்க்ரூ கிடைக்கவில்லை.

ஃபைலில் 'கவனக்குறைவு' என்று ஏறியது. ஆபீசில் 'மறை கழண்டவர்' என்று பெயரும் வைத்தாயிற்று. அவரிடம் வேலை கற்றுக்கொண்டவர்களே இன்று அவருக்கு மேலதிகாரிகள்.

பேராசிரியை சிரிக்கவில்லை. அந்தம்மாவுக்கு நகைச்சுவை உணர்வு கம்மி போலிருக்கிறது.

"அன்னைக்கு வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா, இன்னைக்கு என் நாற்காலியில உட்கார்ந்திருப்பீங்களே?" என்றேன்.

"உட்கார்ந்திருக்கலாம் சார். ஆனா ஒவ்வொரு தடவை இஞ்சின் ஓடும்போதும் பதறிப்போய் எழுந்து நிக்கணுமே."

அந்த ஸ்க்ரூ கடைசிவரைக்கும் கிடைக்கவே இல்லையா என்று பேராசிரியை கேட்டார்.

"இல்ல மேடம். எண்ணினது நான், தொலைச்சதும் நானாத்தான் இருக்கணும். இன்னைக்கும் அந்த அறைக்குள்ள போனா கண்ணு தானா தரையைத்தான் பார்க்குது."

அவர் வெளியே போனதும் பேராசிரியை வாதாடினார். இந்தப் பதவிக்கு இவரைவிட்டால் வேறு ஆளே இல்லையாம். ஒரு ஸ்க்ரூவைப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரியாதவரை நம்பி இத்தனை பேர் உயிரை எப்படி ஒப்படைப்பது என்று நெஞ்சில் கை வைத்துக் கேட்டேன். 'தகுதியில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

எல்லோரும் போன பிறகு, பேனாவை வைக்க மேஜை இழுப்பறையைத் திறந்தேன். குண்டூசி டப்பாவுக்குள் அந்த ஸ்க்ரூ பத்திரமாக இருந்தது.

ஏழு வருஷத்துக்கு முன்னால், அதே நாள் சாயங்காலம், வீட்டுக்குள் நுழையும்போதே என் மனைவி சொன்னாள்: "என்னங்க, உங்க ஷூ அடியில என்னமோ குத்திக்கிட்டிருக்கு. தரையெல்லாம் கீறுது பாருங்க."

இஞ்சினைப் பிரிக்க ஆரம்பித்தது மறுநாள் காலையில்தான்.