மைனஸ் கோடு

அந்தி மழை மடுல்சீமைத் தோட்டத்தை அடித்து நொறுக்குகிறது. ஓடைக்கு அக்கரையில், தொழிலாளர் குடியிருக்கும் கீழ் லயத்துக்கு மேலே மலை வெடித்து வாய் பிளந்து நிற்கிறது. பாலம் போய்விட்டது. லயத்துச் சனத்தை வெளியே கூப்பிட இக்கரைக் கோயில் மைக்செட்டை விட்டால் வழியில்லை. அதுவோ, கிருஷ்ணராஜ் எவ்வளவு கத்தியும், "ம்ம்ம்" என்று உறுமுவதோடு சரி. எம்ப்ளிஃபையரைத் திறந்து வைத்துக் குனிந்திருக்கிறான். பெரிய கெப்பாசிட்டரின் தலை உப்பி, அடியில் பழுப்பாகக் கசிந்திருக்கிறது. பழைய ரேடியோவில் கழற்றிய இன்னொன்று கையில் இருக்கிறது. ஆனால் எது மைனஸ் கால் என்று காட்டும் கோடு அதில் அழிந்துவிட்டது. கால்கள் இரண்டும் ஒரே அளவில் வெட்டப்பட்டிருக்கின்றன. மாற்றிப் போட்டால் வெடித்துவிடும். "எதையாவது செய்யுங்களேன்!" என்று மனைவி சுலோஜனா டார்ச்சைப் பிடித்தபடி அழுகிறாள். மலையிலிருந்து கல் உருளும் சத்தம் கேட்கிறது. அவன் கெப்பாசிட்டரை வீசிவிட்டு, சுவரில் தொங்கும் தப்புப் பறையை இழுத்துச் சாவுக்கொட்டு அடிக்கிறான். அதைக் கேட்டால் எந்த மழையிலும் லயம் எழுந்து வரும். வருகிறது. கதவுகள் திறக்கின்றன, சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு சனம் ஓடைக்கரைக்கு இறங்குகிறது. "யாருண்ணே செத்தது?" என்று ஒரு குரல் கேட்கிறது. சுலோஜனா டார்ச்சை அக்கரை முழுக்க ஓட்டுகிறாள். ஆணும் பெண்ணுமாகப் பெரியவர்கள் எல்லாரும் நிற்கிறார்கள்; ஒருத்தர் இடுப்பிலும் பிள்ளை இல்லை. அவள் கை அப்படியே நின்றுவிடுகிறது. "ஐயோ, சாவுக்கு யாருங்க புள்ளைகளத் தூக்கிட்டு வருவா?"