மணல் பொட்டலம்

ஞாயிற்றுக்கிழமை வந்தால் செங்கல்வராயன் இரண்டு டம்ளர்களைக் கழுவி வைத்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். மனைவி போன பிறகு வீட்டில் அவருக்குத் துணை, கடல் தண்ணீர் நிரப்பிய மீன் தொட்டி ஒன்றுதான். தாமும் அப்படி ஒரு தொட்டி வைக்கப் போவதாகச் சொல்லி, கும்மிடிப்பூண்டி ஃபாக்டரியில் கூட வேலை பார்க்கும் தணிகாசலம் வாராவாரம் மணல் பொட்டலத்தோடு வருவார்.

“இதுவாவது தேறுமா பாருங்கண்ணே.”

செங்கல்வராயன் மணலை உள்ளங்கையில் கொட்டித் தேய்த்தார். “ரொம்பப் பொடிசு. தண்ணிய வடிகட்ட அடியில ஓட்டைத் தட்டு வைப்போமே, அத்த அடைச்சிக்கும்.”

“போன வாரம் பெருசுன்னீங்க.”

“பெருசா இருந்தா அழுக்கு சந்துல போய்த் தங்கிடும். மொதமொத தொட்டி வைக்கிற, அவசரப்படாதே. அடுத்த வாரம் வேற கொண்டா. டீ ஆறிப்போவுது பாரு, குடி.”

அடுத்த ஞாயிறு தணிகாசலம் வரவில்லை. காய்ச்சல் என்று கேள்விப்பட்டு, ஆடிக் காற்றில் புழுதி பறக்க, செங்கல்வராயன் பொன்னேரிக்கு பஸ் ஏறினார்.

ஒற்றை அறையில் தணிகாசலம் படுத்திருந்தார். தலைமாட்டில் ஒரு கண்ணாடித் தொட்டி. பம்ப் குமிழி விட, பளிங்கு போன்ற தண்ணீரில் மீன்கள் ஜோராக நீந்திக்கொண்டிருந்தன. அடியில் கிடந்தது, முதல் வாரமே செங்கல்வராயன் வேண்டாமென்று தள்ளிய அதே கிளிஞ்சல் மணல்.

“எப்பலேர்ந்து ஓடுது?”

“பொங்கல்லேர்ந்து.”

“அப்பறம் இன்னாத்துக்கு வாராவாரம் மணலத் தூக்கினு வந்தே?”

“நீங்க இன்னாத்துக்குண்ணே வாராவாரம் வேணாம்னு சொன்னீங்க?”

செங்கல்வராயன் டீ போடலாம் என்று எழுந்து அடுப்பு மூலைக்குப் போனார்.

அங்கே இருந்தது ஒரே ஒரு டம்ளர்.