வழுவழுப்பான சுவர்

நாளைக் காலை கொத்தனாரின் மனைவிக்குத் தொண்டையில் ஆபரேஷன். அதன் பிறகு குரல் இருக்காது. அவள் பாட்டைப் பதிந்து வைக்கத்தான் வீட்டுக்குப் பின்னால் அவர் மிச்சச் செங்கல்லில் ஜன்னலில்லாத அறை கட்டி, பழைய மைக்கும் லேப்டாப்பும் வாங்கி வைத்திருக்கிறார். பழக்கதோஷம், சுவரைக் கண்ணாடிபோல் இழைத்துப் பூசிவிட்டார். அந்த வழுவழுப்பில் பட்டு அவள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் எதிரொலிக்கிறது. போர்வைகளைத் தொங்கவிட்டும் தீரவில்லை. "ஏங்க, பாடுறது நானா, பேயா?" என்று ஹெட்போனைக் கழற்றிச் சிரிக்கிறாள். "சொரசொரன்னு இருந்தா எதிரொலிக்காது. ரெண்டு கொத்து கொத்திவிடுறேன், இரு," என்று உளியையும் சுத்தியலையும் எடுக்கிறார். பூச்சு உதிர்கிறது. சிமெண்ட் தூசி அறையெங்கும் அடைத்து நிற்கிறது. "இப்பப் பாடும்மா," என்கிறார். அவள் வாயைத் திறக்கிறாள். இருமல்தான் வருகிறது. லேப்டாப்பில் ஒலி பதிவாகும் பச்சைக் கோடு ஒவ்வொரு இருமலுக்கும் துள்ளுகிறது.